சின்ன டிரெய்லருக்கு எந்த ஹிட்ச் பால்? கேள்வி பதில்

கேள்வி: சார், புதிதாக ஒரு சின்ன டிரெய்லர் வாங்கியிருக்கிறேன். ஹிட்ச் பால் கேட்டால் கடையில் நாலைந்து அளவு எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: ஹிட்ச் பால் என்பது டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் பொருத்தும் இரும்புப் பந்து. கடைக்குப் போகும் முன் டிரெய்லரின் முன்முனையைக் குனிந்து பாருங்கள். பந்தின் மேல் கவிழ்ந்து உட்காரும் கிண்ணம் போன்ற பாகம்தான் கப்ளர். அதன் மேலேயோ பக்கவாட்டிலோ அளவைப் பதித்திருப்பார்கள். பெயின்ட் மூடியிருந்தால் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். 1-7/8 அங்குலம், 2 அங்குலம், 2-5/16 அங்குலம், 50 மி.மீ. இவற்றில் ஒன்று இருக்கும். அங்கே என்ன இருக்கிறதோ அதே அளவுப் பந்துதான் வேண்டும். ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: என் கப்ளர் 2 அங்குலம். கையில் இருப்பது 1-7/8 பந்து. மாட்டிப் பார்த்தேன், கப்ளரின் பூட்டுக் கொக்கி (லாட்ச்) நன்றாகவே பூட்டுகிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

பதில்: பூட்டுகிறது என்பதுதான் பிரச்சினையே. பூட்டாமல் இருந்திருந்தால் நீங்களே கழற்றி வைத்திருப்பீர்கள். சமமான சாலையில் ஒன்றும் தெரியாது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டிரெய்லரின் முன்முனை மேலே எகிறும். சின்னப் பந்து கிண்ணத்திலிருந்து நழுவி வெளியே வந்துவிடும். தயவுசெய்து அந்தப் பந்தோடு இழுக்காதீர்கள்.

சரியான பந்து மாட்டியபின் ஒரு சோதனை செய்யுங்கள். லாட்சைப் பூட்டிவிட்டு, டிரெய்லரின் ஜாக்கியால் முன்முனையை மெதுவாக உயர்த்துங்கள். வண்டியின் பின்பகுதியும் கூடவே எழும்ப வேண்டும். கப்ளர் மட்டும் தனியாகக் கிளம்பினால், அளவு தப்பு அல்லது லாட்ச் சரியாகப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இதைச் செய்வது நல்லது.

கேள்வி: 50 மி.மீ.யும் 2 அங்குலமும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. இந்த 0.8 மி.மீ. வித்தியாசத்தால் 50 மி.மீ. கப்ளரில் 2 அங்குலப் பந்து முழுதாக உட்காராது. மாற்றி மாட்டினால் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: அண்ணா, என் டிரெய்லர் 300 கிலோ. பந்தில் 2,000 பவுண்டு என்று போட்டிருக்கிறது. தாராளமாகத் தாங்கும் இல்லையா?

பதில்: 2,000 பவுண்டு சுமார் 907 கிலோ. ஆனால் நீங்கள் சொல்லும் 300 கிலோ வெறும் டிரெய்லரா, சாமான் ஏற்றியபிறகா? ஏற்றிய எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. வண்டி, அதன் அடியில் பொருத்திய ஹிட்ச், பந்தைத் தாங்கும் மவுண்ட், பந்து, கப்ளர் என ஐந்துக்கும் தனித்தனி எடை வரம்பு உண்டு. அவற்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. வண்டியின் கையேட்டில் 750 கிலோ என்று இருந்தால், 3,500 பவுண்டு தாங்கும் பந்தை மாட்டினாலும் 750தான். பெரிய பந்து வாங்கிவிட்ட தைரியத்தில் பாரத்தைக் கூட்டுபவர்கள் நிறையப் பேர்; என்னை உண்மையிலேயே கவலைப்பட வைப்பது இதுதான்.

கேள்வி: ஒரே 2 அங்குலப் பந்து, ஆனால் அதன் அடியில் மரை போட்ட தண்டு மட்டும் வேறு வேறு பருமன். எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: மவுண்ட்டில் இருக்கும் துளையைப் பார்த்து. தண்டு பெரும்பாலும் 3/4, 1, 1-1/4 அங்குலங்களில் வரும். துளை தண்டைவிட 1/16 அங்குலத்துக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. 1 அங்குலத் துளையில் 3/4 தண்டுதான் போட்டாக வேண்டும் என்றால், இடைவெளியை அடைக்க அதற்கென்றே விற்கும் புஷ் என்ற வளையத்தைப் போடுங்கள். சின்னத் துளையை டிரில் போட்டுப் பெரிதாக்க வேண்டாம். சுற்றியுள்ள இரும்பு குறைந்து மவுண்ட் பலவீனமாகிவிடும். நீளத்தையும் பாருங்கள்: நட்டை முறுக்கி முடித்தபின் இரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும்.

கேள்வி: எவ்வளவு இறுக்கினாலும் நட் தளர்ந்துவிடுகிறது.

பதில்: சாதாரண ஸ்பேனரில் கைப்பலத்தால் இறுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது போதாது. 3/4 அங்குலத் தண்டுக்கு வழக்கமாகச் சொல்லும் முறுக்கு 160 அடி-பவுண்டு, அதாவது சுமார் 217 நியூட்டன் மீட்டர். 1 அங்குலத்துக்கு 250 அடி-பவுண்டு. உங்கள் பந்தோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இதற்கு நீண்ட கைப்பிடியுள்ள, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் தேவை. பல பந்துகளின் கழுத்தில் இரண்டு பக்கம் தட்டையாகச் செதுக்கியிருப்பார்கள். அங்கே இன்னொரு ஸ்பேனர் போட்டுப் பிடித்தால் பந்து கூடவே சுற்றாது. லாக் வாஷரை மறக்காதீர்கள். முடித்தபின் நட்டிலிருந்து மவுண்ட் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகினால் நட் நகர்ந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

கேள்வி: வேகம் எடுத்தால் டிரெய்லர் வால் ஆட்டுகிறது. பந்தை மாற்றினால் சரியாகுமா?

பதில்: பந்தின் அளவு சரியாக இருந்தால், பெரும்பாலும் பின்பாரம்தான் காரணம். சாமானைக் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள். வட அமெரிக்க வழக்கில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பந்தின் மேல் இறங்க வேண்டும் என்பார்கள். ஐரோப்பிய வண்டிகளில் இந்த முன்பாரத்துக்குக் கிலோவிலேயே உச்சவரம்பு குறித்திருக்கும். அதைத் தாண்டக் கூடாது. இலேசான டிரெய்லர் என்றால், வீட்டில் எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, அதன்மேல் கப்ளரை இறக்கினாலே முன்பாரம் தெரிந்துவிடும். மாட்டும் உயரத்தில் டிரெய்லர் மட்டமாக இருக்கும்போது அளக்க வேண்டும். ஓடும்போதும் அது மட்டமாகவே இருக்கட்டும். மூக்கு தூக்கியிருந்தால் கீழிறங்கிய மவுண்ட் மாட்டுங்கள்.

கேள்வி: குரோம் நல்லதா, ஸ்டெயின்லெஸ் நல்லதா? கிரீஸ் தடவலாமா?

பதில்: பூச்சை வைத்துப் பலத்தை எடைபோடாதீர்கள், துரு பிடிப்பதில்தான் வித்தியாசம். பலத்துக்குப் பந்தில் பதித்த எண்ணைப் பாருங்கள். கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம். மண் ஒட்டியதும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். ஆனால் உராய்வுப் பட்டைகளால் பந்தை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தைக் குறைக்கும் கப்ளர் என்றால் சொட்டு கிரீஸும் கூடாது.

கேள்வி: பழைய டிரெய்லரோடு வந்த பந்து. வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வெர்னியர் காலிப்பரால் பல திசைகளில் அளந்து பாருங்கள். 50 மி.மீ. பந்து எங்காவது 49க்குத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கழுத்தில் விரிசல், தண்டில் வளைவு, ஒரு பக்கம் தட்டையான தேய்மானம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அதே கதைதான். பதித்த எண் படிக்க முடியாமல் அழிந்துபோன பந்தையும் நான் மாட்ட மாட்டேன்.