ஏழாயிரம் டாலர் கூப்பேயா, தவணையில் கேம்ரியா?

தம்பி, டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, நவம்பரில் மனைவியும் ஒரு வயதுக் குழந்தையும் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2006 இன்ஃபினிட்டி ஜி35 கூப்பே, அதாவது இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், ஏழாயிரம் டாலர், கடனே வேண்டாம். 2018 டொயோட்டா கேம்ரி, நான்கு கதவுக் குடும்பக் கார், என்றால் மாதத் தவணை. எதை எடுப்பது என்பது கேள்வி. கேம்ரியை எடுங்கள். கூப்பே பிடிக்காமல் சொல்லவில்லை. அதே ரகத்தில் இரண்டு கதவு, பின்சக்கர டிரைவ் வண்டி ஒன்றை நானும் நான்கு வருடம் வைத்திருந்தேன்.

அந்த சுகம் தனிதான். 3.5 லிட்டர் வி6, முந்நூறை ஒட்டிய குதிரைத்திறன், ரோட்டின் சொரசொரப்பு ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கு வரும். கேம்ரியின் 203 குதிரைத்திறனில் அது கிடைக்காது.

ஆனால் குளிர்காலம் இருக்கிறதே. முதல் வருடத்தை ஆல் சீசன் டயரிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். பிப்ரவரியில் ஒரு காலை, அபார்ட்மென்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கிலிருந்து ஏறும் சரிவில் ஒரு விரல்கடை பனிதான் கிடந்தது. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வண்டியின் பின்பக்கம் மெல்ல சுவரை நோக்கி நகர்ந்தது. எனக்குப் பின்னால் மூன்று வண்டிகள். அன்று மாலையே விண்டர் டயர் வாங்கினேன். 7 டிகிரிக்குக் கீழே போனால் மற்ற டயர்களின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். கியூபெக் மாகாணத்தில் விண்டர் டயர் கட்டாயம், நம் ஒன்டாரியோவில் இல்லை. இருந்தாலும் எந்த வண்டி எடுத்தாலும் நான்கையும் மாற்றுங்கள், இன்ஷூரன்ஸில் தள்ளுபடியும் உண்டு.

அப்புறம் குழந்தை. பின்னோக்கி வைக்கும் கார் சீட்டில் உட்காரவைக்க, முன்சீட்டை மடக்கி, நீங்கள் பாதி உடம்பை உள்ளே நுழைத்து, தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி, பெல்ட் மாட்ட வேண்டும். கூப்பேயின் கதவு நீளம். பக்கத்தில் வண்டி நின்றால் ஒரு சாண்தான் திறக்கும். மைனஸ் 15-இல் அழுகிற பிள்ளையோடு என் மனைவி அந்தச் சந்தில் நின்றதைப் பார்த்த அன்றுதான் விற்க முடிவு செய்தேன்.

பழைய வண்டி என்பதால் இன்ஷூரன்ஸ் குறையும் என்று நம்பிவிடாதீர்கள். அந்த மாடலுக்கு எவ்வளவு க்ளெய்ம் வந்திருக்கிறது என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். புதிதாக வந்தவருக்கு ஏற்கெனவே அதிகம். வாங்கும் முன் இரண்டு வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். பெட்ரோலும் பாருங்கள்: ஜி35-க்கு பிரீமியம், நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் போல, கேம்ரிக்கு சாதாரணப் பெட்ரோல், 7-ஐ ஒட்டி. அவசரத்தில் தானாகப் பிரேக் போடும் வசதியும் 2018 கேம்ரியில் உண்டு.

மனம் கேட்காமல் கூப்பேயைப் பார்க்கப் போனாலும், பணம் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பனி உருக ரோட்டில் போடும் உப்பு இருபது வருடமாகச் செய்த சேதம் மேலே தெரியாது. பிரேக் குழாயிலும் அடிச்சட்டத்திலும்தான் துரு பிடித்திருக்கும். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று தரும் சேஃப்டி சர்டிஃபிகேட் 36 நாள்தான் செல்லும், அதன் தேதியையும் பாருங்கள்.

குழந்தை கொஞ்சம் வளரட்டும். இன்ஷூரன்ஸும் இறங்கிய பிறகு கோடைக்கு மட்டும் ஒரு கூப்பே பார்க்கலாம், நானும் கூட வருகிறேன்.