கம்பி போட்ட பல்லுக்கு வேப்பிலை போதுமா?

பர்மாவின் பெகுவிலிருந்து ஓர் அம்மா: மகளுக்குப் பல்லில் கம்பி போட்டு இரண்டு மாதம் ஆகிறது டாக்டரம்மா. வேப்பங்குச்சியால் விளக்கச் சொல்லி அவள் ஆயா ஒரே பிடிவாதம்.

குச்சி வேண்டாம்மா. கம்பிக்கு அடியில் நுழையாது, அழுத்தித் தேய்த்தால் கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கிற பிராக்கெட் கையோடு வந்துவிடும். ஆனால் ஆயா சொல்வதில் விஷயம் இருக்கிறது. பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமியை வேப்பிலைச் சாறு அடக்கும், கம்பி போட்டவர்களைக் கொப்பளிக்க வைத்தும் பார்த்திருக்கிறார்கள், கிருமி குறைகிறது.

சிரியத்திலிருந்து ஒரு தம்பி: அப்புறம் எதற்குக் குளோரெக்சிடின் என்று கொப்பளிக்க மருந்து தருகிறீர்கள்? பல்லெல்லாம் பழுப்பாகிவிட்டது.

கறை பிடிக்கும், நாக்கில் ருசியும் மாறும், அதனால்தான் அதை மாதக்கணக்கில் எழுதித் தருவதில்லை. இருந்தாலும் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சோதனைக் குழாயில் மிதக்கிற கிருமி வேறு, பிராக்கெட்டைச் சுற்றி ஒட்டியிருக்கிற கிருமி வேறு. இது சர்க்கரையை வைத்துப் பிசின் மாதிரி ஒன்றைச் செய்து அதற்குள் பதுங்கிக்கொள்ளும், எந்தச் சாறும் மேலோடு ஓடிவிடும். முதலில் பிரஷ்ஷால் அந்தப் படலத்தைக் கலைக்க வேண்டும், கம்பிக்கு அடியில் நுழைகிற குட்டி பிரஷ்ஷையும் விட்டு.

ரங்கூனிலிருந்து: டீக்கடையில் காசில்லாமல் வைக்கிற பச்சைத் தேயிலைத் தண்ணீர் நல்லதா?

தாராளமாகக் குடியுங்கள். அதிலுள்ள கேட்டச்சின் என்ற தேயிலைச் சத்து அந்தப் பிசின் உண்டாவதையே மட்டுப்படுத்தும். வம்பு பக்கத்தில் இருக்கிற கட்டிப்பால் டீயில்தான். அதன் சர்க்கரையைத் தின்று கிருமி ஒவ்வொரு வாய்க்கும் அமிலம் ஊற வைக்கும், அமில அளவைக் காட்டும் பி.எச். 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். என்னிடம் வந்த ஒரு பையன் வேப்பிலைத் தண்ணீரை ஒரு நாள் விட்டதில்லை, டீயும் நாளுக்கு ஐந்து. கம்பியைக் கழற்றிய அன்று பார்த்தால், பிராக்கெட் இருந்த சதுரத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்ட மாதிரி வெள்ளைத் தழும்பு. நாலே வாரத்தில்கூட இது தெரிய ஆரம்பித்துவிடும்.

மோல்மேனிலிருந்து: கிராம்பெண்ணெய்? மஞ்சள்?

கிராம்பெண்ணெயை அப்படியே வைத்தால் ஈறு வெந்துவிடும். மஞ்சளில் கொப்பளித்தால் பிராக்கெட்டில் மாட்டியிருக்கிற ரப்பர் வளையம் மஞ்சளாகும், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள்.

சிரியம் தம்பி: வெற்றிலையும் கிருமியைக் கொல்லுமாமே, கூன்யா (வெற்றிலை பாக்கு) போடலாமா?

கேட்பீர்கள் என்று தெரியும்! வெற்றிலை சரி, உள்ளே இருக்கிற பாக்கு? புகையிலை சேராத பாக்கையே புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது. கடித்தால் பிராக்கெட்டும் பெயரும்.

பெகு அம்மா: சரி, வேப்பிலைத் தண்ணீரை எப்போது கொடுக்கட்டும்?

பல் விளக்கியதும் வேண்டாம், பேஸ்ட்டின் ஃபுளோரைடு கழுவிக்கொண்டு போய்விடும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கொப்பளிக்கட்டும், விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். ஆயாவுக்கும் திருப்தி.