திணறும் இளம் ஹாக்கி வீரர் அணிக்குத் திரும்ப வேண்டுமா? – கேள்வி பதில்

ஐஸ் ஹாக்கியில் 18 வயதில் பெரும் எதிர்பார்ப்போடு தேர்வாகி, 20 வயது முடிவதற்குள் 'இவன் தேறமாட்டான்' என்று முத்திரை குத்தப்படும் பையன்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: விட்டுப்போன அணிக்கு, அல்லது தாண்டி வந்த கீழ்நிலை அணிக்கு, அவர் திரும்பிப் போகலாமா? ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: யெஸ்ஸே புல்யுயார்வி 2019இல் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணிக்கு இனி வரமாட்டேன் என்று சொல்லிப் பின்லாந்துக்குப் போனார். அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். திரும்பாமல் இருந்திருக்கலாம் என்கிறான் என் நண்பன். உங்கள் கருத்து?

திரும்பியது சரியான முடிவு என்பதே என் கருத்து. உங்கள் நண்பர் கதையின் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு முழுவதற்கும் தீர்ப்பு எழுதுகிறார்.

2016 தொடக்கத்தில் ஹெல்சிங்கியில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 7 ஆட்டங்களில் 17 புள்ளிகள் எடுத்து, பின்லாந்து தங்கம் வெல்லக் காரணமாக இருந்தவர் புல்யுயார்வி. (கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு உதவினால் ஒரு புள்ளி.) என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) அணிகள் இளம் வீரர்களை வரிசையாக எடுக்கும் அந்த ஆண்டுத் தேர்வில் எட்மன்டன் அவரை 4ஆவது இடத்தில் எடுத்தது. ஆங்கிலம் அதிகம் தெரியாத 18 வயதுப் பையன் நேராக என்.எச்.எல். போட்டிக்குள் இறக்கப்பட்டார். 28 ஆட்டங்களில் ஒரே கோல். பிறகு துணை அணியான பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அனுப்பினார்கள், மீண்டும் அழைத்தார்கள், மறுபடியும் அனுப்பினார்கள். மூன்றாவது பருவத்தின் நடுவில் தலைமைப் பயிற்சியாளர் மாறினார், சுமார் இரண்டு மாதங்களில் பொது மேலாளரும் போனார். அந்தப் பருவம் 46 ஆட்டங்களில் 4 கோல்களோடு நின்றது. காரணம் இடுப்பு மூட்டில் அறுவைச் சிகிச்சை. வலியோடு சறுக்கிக்கொண்டிருந்தவரைத்தான் மாடத்தில் இருந்தவர்கள் சோம்பேறி என்றார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பின்லாந்தில் தன் பழைய அணியான கார்பாட்டில் 56 ஆட்டங்களில் 24 கோல்கள், 53 புள்ளிகள். முதல் வரிசையில் (அணியின் சிறந்த தாக்குதல் வீரர்கள் சேர்ந்து ஆடும் குழு) இடம், நிறைய நேரம், பவர் பிளேயில் (எதிரணியில் ஒருவர் தண்டனையாக வெளியே இருக்கும் நேரம்) பங்கு, சொந்த மொழியில் பேசும் பயிற்சியாளர்கள். இதற்கிடையே எட்மன்டனுக்குப் புதிய பொது மேலாளராக வந்த கென் ஹாலண்ட் அவரை அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடவில்லை. 2020 ஆகஸ்டில் ஆண்டுக்கு 11.75 லட்சம் டாலர் என்ற கணக்கில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த பருவத்தில் 15 கோல்கள். அதற்கடுத்ததில் 65 ஆட்டங்களில் 36 புள்ளிகள். அணியின் நட்சத்திரமான கானர் மெக்டேவிட்டின் பக்கத்தில் நின்று, பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) துரத்திப் பறித்துக் கொடுக்கும் நல்ல வேலைக்காரனாக இருந்தார்.

பிறகு சரிந்தார் என்பது உண்மை. 2023 பிப்ரவரியில் கரோலினாவுக்கு மாற்றப்பட்டார். அந்தக் கோடையில் இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஆக, அவரை இரண்டு முறையும் வீழ்த்தியதில் உடலுக்குப் பெரிய பங்கு உண்டு. திரும்பி வந்த முடிவைக் குற்றம் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. திரும்பியிராவிட்டால் அந்த இரண்டு நல்ல பருவங்கள் அவருக்கு என்.எச்.எல்.லில் கிடைத்திருக்குமா?

கேள்வி: திணறும் 18 வயதுக்காரரை ஏன் துணை அணியில் வைத்துப் பழக்காமல், சிறுவர்களோடு ஆடும் ஜூனியர் அணிக்கே திருப்பி அனுப்புகிறார்கள்?

விதி அப்படி. கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீகுகளிலிருந்து தேர்வானவர்கள் 20 வயது ஆகும்வரை ஒன்று என்.எச்.எல்.லில் ஆட வேண்டும், இல்லையென்றால் ஜூனியர் அணிக்குத் திரும்ப வேண்டும். நடுவில் இருக்கும் ஏ.எச்.எல். (என்.எச்.எல். அணிகளின் துணை அணிகள் ஆடும் லீக்) அவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது. ஐரோப்பாவிலிருந்து தேர்வானவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அதனால்தான் புல்யுயார்வி 18 வயதிலேயே பேக்கர்ஸ்ஃபீல்டில் ஆட முடிந்தது.

ஜூனியர் லீகுகள் தங்கள் நட்சத்திரங்களை இழந்தால் அரங்கம் காலியாகிவிடும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. அவர்களுடைய கவலை நியாயமானதுதான், ஆனால் விலை கொடுப்பவன் பையன். ஜூனியருக்கு மிகப் பெரியவனாகவும் என்.எச்.எல்.லுக்கு மிகச் சிறியவனாகவும் அவன் இரண்டு ஆண்டுகள் நிற்கிறான். லீகுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையே 2025இல் ஏற்கப்பட்ட புதிய கூட்டு ஒப்பந்தம், ஓர் அணி ஒரு 19 வயது வீரரை ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப வழி திறக்கிறது. வெகு காலம் முன்பே வந்திருக்க வேண்டிய மாற்றம்.

கேள்வி: ஒன்பது ஆட்டக் கணக்கு என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

18, 19 வயது வீரர் ஒரு பருவத்தில் 10 என்.எச்.எல். ஆட்டங்களை எட்டாவிட்டால் அவருடைய முதல் ஒப்பந்தம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். அணிக்குப் பணம் மிச்சம். அதனால் ஒன்பதாவது ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் பொது மேலாளரின் வாயைப் பார்க்கிறார்கள். முடிவை அந்தக் கணக்கு மட்டுமே தீர்மானித்தால் அது கெட்ட முடிவு.

கேள்வி: ஜூனியருக்குத் திரும்பிப் போனவர் யாராவது உண்மையிலேயே பெரிய ஆளாக வந்திருக்கிறாரா? எல்லோரும் ஆறுதலுக்காகச் சொல்வதுபோல் தெரிகிறது.

லியோன் ட்ரைசைட்டில். 2014இல் 3ஆவது இடத்தில் எட்மன்டன் கனடாவின் ஜூனியர் லீகிலிருந்து எடுத்த ஜெர்மானியர். முதல் பருவத்தில் 37 ஆட்டங்கள், 2 கோல்கள், மொத்தம் 9 புள்ளிகள். கால் மெதுவாக இருக்கிறது, என்.எச்.எல். வேகத்துக்கு ஒத்துவரமாட்டார் என்று எழுதாதவர் இல்லை. 2015 ஜனவரியில் ஜூனியருக்கு அனுப்பினார்கள். அவருடைய உரிமை பிரின்ஸ் ஆல்பர்ட் அணியிடம் இருந்தது. அங்கிருந்து கெலோனா ராக்கெட்ஸுக்கு மாற்றப்பட்டார்.

கவனிக்க வேண்டிய இடம் இது. போனவர் பழைய கூட்டிலேயே போய் அடையவில்லை. பட்டம் வெல்லும் வலு உள்ள அணிக்குப் போனார். கெலோனாவில் 32 ஆட்டங்களில் 53 புள்ளிகள், லீக் பட்டம், பிறகு ஜூனியர் லீகுகளின் சாம்பியன்கள் மோதும் மெமோரியல் கோப்பையின் இறுதி ஆட்டம். அதில் கெலோனா கூடுதல் நேரத்தில் ஓஷாவாவிடம் தோற்றது. ஆனாலும் தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்கே. வசந்த காலம் முழுவதும் ஒவ்வோர் இரவும் தோற்றால் வீட்டுக்கு என்ற அழுத்தத்தில், ஆட்டத்தைத் தன் ஸ்டிக்கில் வைத்து நடத்தினார். எட்மன்டனின் மூன்றாவது வரிசையில் பத்து நிமிடம் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பாடம் கிடைத்திருக்காது. அடுத்த பருவம் எட்மன்டனில் 72 ஆட்டங்களில் 51 புள்ளிகள். 2020இல் 71 ஆட்டங்களில் 110 புள்ளிகளோடு லீகின் மிக மதிப்புள்ள வீரருக்கான ஹார்ட் விருது.

கேள்வி: அண்ணா, நான் மான்ட்ரியல் ரசிகன். ஸ்லாஃப்கோவ்ஸ்கியையும் கீழே அனுப்பச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். அனுப்பவில்லை, நன்றாகத்தானே ஆடுகிறார்? அப்படியானால் உங்கள் வாதம் தவறில்லையா?

தம்பி, எல்லோரையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் வாதம் அல்ல. யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி 2022இல் முதலாவதாகத் தேர்வானவர். முதல் பருவத்தில் 39 ஆட்டங்களில் 10 புள்ளிகள், பிறகு முழங்கால் காயம். அடுத்த பருவத்தில் 82 ஆட்டங்கள், 20 கோல்கள், 50 புள்ளிகள். அவர் தேர்வுக்கு முன்பே பின்லாந்தில் பெரியவர்களோடு ஆடியவர். உடம்பும் பெரியவர் உடம்பு. அவருக்குக் குறைவாக இருந்தது வட அமெரிக்காவின் சிறிய அரங்கில் எப்போது பக்கை விட வேண்டும் என்ற கணிப்பு. அதை அங்கேயே, அதே வேகத்தில் நின்றுதான் கற்க முடியும். மான்ட்ரியல் அவரை உட்காரவைக்காமல் நிக் சுசுகியோடு முதல் வரிசையில் ஆடவிட்டது.

நியூ ஜெர்சியின் ஜாக் ஹ்யூஸும் இப்படியே. முதல் பருவத்தில் 61 ஆட்டங்களில் 21 புள்ளிகள். நான்காவது பருவத்தில் 99. அவரையும் தொடர்ந்து ஆடவைத்தார்கள். பையனை வைத்துக்கொள்ளும் அணி அவனுக்கு நிமிடங்களைக் கொடுக்க வேண்டும். வைத்துக்கொண்டே, ஆடவிடாமல் மாடத்தில் உட்காரவைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கேள்வி: கோபித்துக்கொண்டு அணியை விட்டு வெளியேறியவரை மேலாளர்கள் மன்னிப்பார்களா? திரும்பினாலும் மூலையில்தானே உட்காரவைப்பார்கள்?

2016இல் டாம்பா பே அணியின் ஜோனதன் ட்ரூவானுக்கு எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். 2013இல் 3ஆவதாகத் தேர்வானவர், 20 வயது. வேறு அணிக்கு மாற்றும்படி அவர் கேட்டிருந்ததை அந்த ஜனவரியில் அவருடைய முகவர் வெளியே சொன்னார். அதற்குச் சற்று முன்புதான் அணி அவரைத் துணை அணியான சிரக்யூஸுக்கு அனுப்பியிருந்தது. சில வாரங்களில் ஓர் ஆட்டத்துக்கு வராமல் நின்றுவிட்டார். சம்பளம் இல்லாமல் இடைநீக்கம். பொது மேலாளர் ஸ்டீவ் ஐசர்மன் கத்தவும் இல்லை, விற்கவும் இல்லை. வீரர்களை வேறு அணிக்கு மாற்றுவதற்கான கெடு கடந்தது. மார்ச்சில் ட்ரூவானே சிரக்யூஸுக்குத் திரும்பினார்.

பெரிய அணியில் தலைவர் ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் இரத்தக் கட்டி காரணமாக ஆட முடியாமல் போனபோது இடம் திறந்தது. ட்ரூவான் பிளே ஆஃபில் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள்) 17 ஆட்டங்களில் 14 புள்ளிகள் எடுத்தார். அணி கிழக்குப் பிரிவின் இறுதிவரை போனது. அடுத்த பருவத்தில் 21 கோல்கள். 2017இல் அவர் மான்ட்ரியலுக்கு மாற்றப்பட்டபோது டாம்பாவுக்குக் கிடைத்தவர் மிகைல் செர்காச்சொவ்; பின்னாளில் இரண்டு ஸ்டான்லி கோப்பைகள் (என்.எச்.எல். பட்டம்) வென்ற அணியின் தடுப்பாட்டக்காரர். திரும்பியது இருவருக்குமே பலன் தந்தது.

மேலாளர்களுக்குக் கோபம் இருக்கும். ஆனால் கோல் அடிப்பவனை உட்காரவைக்கும் அளவுக்கு அது பெரும்பாலும் நீள்வதில்லை. திரும்பும் பையன் முதல் வாரம் நாளிதழ்களுக்குப் பேட்டி கொடுக்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: உடல் காயம் என்றால் காத்திருக்கிறார்கள். மனம் சரியில்லை என்றால்?

அதற்கும் காத்திருக்க வேண்டும். அதே ட்ரூவான் 2021இல் மான்ட்ரியலில் இருந்தபோது பருவத்தின் நடுவில் விலகினார். அந்தச் செப்டம்பரில் பதற்றமும் தூக்கமின்மையும் தன்னை ஆண்டுக்கணக்கில் வாட்டியதாக வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். 2016இல் அவரைச் செல்லப்பிள்ளை என்று திட்டியவர்கள் அன்று கொஞ்சம் அமைதியானார்கள். 2023–24இல் கொலராடோவில் 56 புள்ளிகள், அதுவரை அவருடைய மிகச் சிறந்த பருவம். லீகும் வீரர் சங்கமும் சேர்ந்து நடத்தும் உதவித் திட்டம் இருக்கிறது; அதில் சேர்ந்தவரிடம் எப்போது வருவாய் என்று அணி நச்சரிக்கக் கூடாது.

கேள்வி: சொந்த ஊருக்குப் போய்விட்டு, பழைய அணிக்குத் திரும்பாமலே வேறு அணியில் முயன்றவர்கள் உண்டா?

ஸ்வீடனின் லியாஸ் ஆண்டர்சன். 2017இல் 7ஆவதாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. 2019 டிசம்பரில் துணை அணியை விட்டு வெளியேறினார், ஸ்வீடனில் எச்.வி.71 அணிக்கு ஆடினார், 2020இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றப்பட்டார். என்.எச்.எல்.லில் நிலையான இடம் அமையவில்லை. ரேஞ்சர்ஸுக்குத் திரும்பியிருந்தால் அமைந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். மூச்சுமுட்டும் இடத்தில் இருந்து வெளியேறுவதும் ஒரு மனிதனின் உரிமை.

கேள்வி: கனடாவில், ஸ்கார்பரோவில் வசிக்கிறோம். என் மகனுக்கு 15 வயது. பயிற்சியாளர் தொடர்ந்து பெஞ்சில் உட்காரவைத்ததால் பருவத்தின் நடுவில் அணியை விட்டுவிட்டான். இப்போது திரும்பி வரச் சொல்லி அழைக்கிறார்கள். கட்டிய பணத்தை நினைத்து இவன் அப்பா போகச் சொல்கிறார். என்ன செய்வது ஐயா?

சகோதரி, கட்டிய பணம் போய்விட்டது. அதை இந்த முடிவுக்குள் கொண்டுவராதீர்கள். உங்கள் மகன் எந்த மாதம் பிறந்தவன்? கனடாவில் சிறுவர் ஹாக்கிப் பிரிவுகள் ஜனவரி 1ஐ வைத்துப் பிரிக்கப்படுகின்றன. நவம்பரில் பிறந்தவன், ஏறக்குறைய ஒரு வயது மூத்தவர்களோடு மோதுகிறான். இந்த வயதில் திடீரென்று உயரம் கூடினால் சறுக்கும் நிலையே சில மாதங்களுக்குக் குலைந்துபோகும். இரண்டும் தானாகச் சரியாகிவிடும்.

பயிற்சியாளரிடம் நீங்கள் போகாமல் அவனையே போய்க் கேட்கச் சொல்லுங்கள்: 'திரும்பி வந்தால் எனக்கு எந்த வரிசை, எவ்வளவு நேரம்?' தெளிவான பதில் வந்தால் போகட்டும். 'பார்க்கலாம்' என்று மழுப்பினால், ஹவுஸ் லீகில் (உள்ளூர்ப் பொழுதுபோக்கு லீக்) நண்பர்களோடு ஆடி இந்தப் பருவத்தை முடிக்கட்டும். பெரிய அணிகளின் தேர்வு அடுத்த ஆண்டும் நடக்கும். ஸ்கேட்டைக் கட்டவே அவனுக்கு மனமில்லை என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் ஹாக்கி ஆடித்தான் உங்களுக்கு மகனாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி: ஷேன் ரைட்டை சியாட்டில் அணி அங்குமிங்கும் பந்தாடியதே, அது அவருக்கு நல்லதா கெட்டதா?

பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பலன் நன்றாக வந்தது. 15 வயதிலேயே விசேஷ அனுமதியோடு ஜூனியரில் நுழைந்தவர், முதலாவதாகப் போவார் என்று எல்லோரும் நினைக்க 2022இல் 4ஆவதாகப் போனார். அந்த ஒரே பருவத்தில் சியாட்டில், உடல் தயார்நிலைக்கான குறுகிய அனுமதியில் ஏ.எச்.எல்., இளையோர் உலகப் போட்டியில் கனடாவின் தலைவராகத் தங்கம், ஜூனியர் அணியான கிங்ஸ்டன், அங்கிருந்து இன்னொரு ஜூனியர் அணியான வின்ட்சர், கடைசியில் மறுபடி ஏ.எச்.எல். பிளே ஆஃப். எந்தப் பையனுக்கும் இது அதிகம். அவரை நிலைப்படுத்தியது அடுத்த ஆண்டு ஒரே ஊரில், சியாட்டிலின் துணை அணியான கோச்செல்லா வேலியில், ஆடிய 59 ஆட்டங்கள். 2024–25இல் சியாட்டிலுக்கு 44 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பருவத்தின் தொடக்கத்திலும் சில ஆட்டங்கள் உட்காரவைக்கப்பட்டார். திரும்ப வந்து கோல் அடித்தார்.

கேள்வி: ஒப்பந்தம் இல்லாமல் வெளியே நிற்கும் இளம் வீரர் எதுவரை யோசிக்கலாம்?

அணியிடம் உரிமை இருக்கும் கட்டுப்பாட்டு வீரர் டிசம்பர் 1க்குள் கையெழுத்திட வேண்டும். தவறினால் அந்தப் பருவம் முழுவதும் என்.எச்.எல்.லில் ஆட முடியாது. 2018இல் டொரண்டோவின் வில்லியம் நைலாண்டர் கெடு முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் கையெழுத்திட்டார். பயிற்சி முகாமும் முதல் இரண்டு மாத ஆட்டங்களும் கைவிட்டுப் போனதால் அந்தப் பருவத்தில் அவரால் 7 கோல்களைத் தாண்ட முடியவில்லை. ஆகவே திரும்புவது என்று மனத்தில் முடிவு செய்துவிட்டவர், செப்டம்பர் முகாமுக்கு முன்பே திரும்பிவிடுவது நல்லது.