வடபிரான்ஸின் கிராமச் சாலைகளில் சைக்கிள்: கேள்விகளும் பதில்களும்

லில்லில் தொடங்கி சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கு வரை ரோடு பைக்கில் சுற்றுவது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். விசாவும் விமானச் சீட்டும் எனக்குத் தெரிந்த விஷயங்கள் இல்லை. சாலை, காற்று, ரயில், போர்க்களம், கல்லறைத் தோட்டம் பற்றிக் கேட்டால் சொல்வேன்.

பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் இருக்கிறேன் அண்ணா. ஒரே நாளில் போய்வர எந்த வட்டம் நல்லது?

கார் து நோர் ரயில் நிலையம் உங்களுக்கு நடக்கிற தூரம்தான். அங்கிருந்து ஆமியானுக்கு ஒரு மணி நேரமும் கொஞ்சமும் ஆகும். அங்கே மாறி அல்பேர் போய் இறங்குங்கள். வட்டார ரயிலில் சைக்கிளைப் பிரிக்காமல் ஏற்றலாம். ஆனால் சைக்கிளை மாட்டும் கொக்கிகள் குறைவு என்பதால் கோடை ஞாயிறுகளில் முதல் வண்டியையே பிடியுங்கள்.

அல்பேரிலிருந்து லா பொய்செல். முதல் உலகப் போரில், 1916 ஜூலை 1 காலை 7.28க்கு, பிரிட்டிஷார் ஜெர்மானியப் பதுங்குகுழிகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வைத்த வெடியை வெடித்தார்கள். அந்தக் குழி ஏறத்தாழ 100 மீட்டர் அகலத்தில் இன்றும் கிடக்கிறது. அதன் பிறகு தியெப்வால்: உடல் கிடைக்காத 72,000 பேருக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சுமக்கும் செங்கல் வளைவு, கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் கட்டியது. ஆங்க்ர் ஓடையைக் கடந்து ஏறினால் போமோன் ஆமெல். இன்று கனடாவில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்தின் படையில் ஏறத்தாழ 800 பேர் அங்கே எழுந்து முன்னேறினார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர். பதுங்குகுழிகள் புல் மூடி அப்படியே இருக்கின்றன.

கால் தாங்கினால் லோங்வாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே இருக்கும் காட்டுப் பக்கம்தான் 1916 ஜூலை 14 மாலை இந்தியாவின் டெக்கான் ஹார்ஸ் குதிரைப்படை ஈட்டியோடு பாய்ந்தது. எல்லாம் சேர்த்தும் ஐம்பது கிலோமீட்டருக்குள் முடியும்.

அல்பேரையும் பபோமையும் நேர்கோட்டில் இணைக்கும் டி 929 சாலையில் மட்டும் ஓட்டாதீர்கள். ரோமானியர் காலத்துச் சாலைதான், ஆனால் இன்று லாரிகளுக்குரியது. குறுக்கே கடந்தால் போதும்.

எந்த மாதம் போகலாம்?

மே, ஜூன். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், வயலோரத்தில் பாப்பி பூத்திருக்கும். செப்டம்பர் கடைசியில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை தொடங்குகிறது. டிராக்டர் சக்கரம் வயல் களிமண்ணைச் சாலைக்கு இழுத்து வரும், தூறல் விழுந்தால் அது வழுக்கும். சாலையோரத்தில் பீட்ரூட் குவியல் தெரிந்தால் அடுத்த வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போனபின் பிரேக் பிடித்தால் விழுவீர்கள்.

பாரி–ரூபே பந்தயத்தின் அரென்பெர்க் கல்பாதையில் 25 மி.மீ. டயரோடு போகலாமா? (கோவை)

வேண்டாம். 32 போடுங்கள், காற்றைக் குறையுங்கள், கைப்பிடியை இறுக்காதீர்கள். கல் நனைந்திருந்தால் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஓட்டிக்கொண்டு கல்லைப் பார்த்தாலே போதும்.

பந்தயம் 1896இல் தொடங்கியது. அரென்பெர்க் சேர்ந்தது 1968இல்தான். அந்தப் பாதையைக் காட்டிக் கொடுத்தவர் ஜான் ஸ்தாப்லின்ஸ்கி. பந்தய வீரர் ஆவதற்கு முன் அதே மண்ணுக்குக் கீழே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்கள் காட்டுக்கு அருகிலேயே நிற்கின்றன. ‘வடக்கின் நரகம்’ என்ற பெயரைப் பலர் இந்தக் கற்களுக்கு வைத்த பெயர் என்று நினைக்கிறார்கள். 1919இல் போர் முடிந்த கையோடு பாதையைப் பார்க்கப் போனவர்கள், மரமும் வீடும் இல்லாமல் கிடந்த நிலத்தைப் பார்த்து எழுதியது அது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். ‘ஃபிசெல் பிகார்த்’ காளான் தோசைபோல் தெரியும், உள்ளே பன்றி இறைச்சி இருக்கும். உருளைக்கிழங்கு வறுவல் கடைகள் பலவற்றில் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறார்கள். லீக் என்ற வெங்காயத்தாள் வகை வைத்துச் செய்யும் ‘ஃப்லாமிஷ்’ நல்லது, அதிலும் இறைச்சித் துண்டு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேலும் திங்களன்றும் கிராமத்து பேக்கரி மூடியிருக்கலாம், அதனால் ரொட்டியும் சீஸும் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

இந்தியப் படைவீரர்களின் நினைவிடம் அந்தப் பக்கம் இருக்கிறதாமே? சைக்கிளில் போக முடியுமா? (லண்டன்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஊர் நேவ் ஷப்பெல். லில்–பெத்தூன் ரயிலில் லா பாஸேயில் இறங்கினால் ஆறேழு கிலோமீட்டர். நினைவிடம் டி 947 ஓரத்திலேயே இருக்கிறது, அந்தச் சாலையில் லாரி அதிகம். அதனால் பெத்தூனில் இறங்கி லே தூரே வழியாக டி 171இல் வாருங்கள். போர்வீரர்கள் ‘ரூ து புவா’ என்று அழைத்த சாலை அது. லே தூரே நினைவிடத்தில், கல்லறை இல்லாமல் போன 13,400 பேருக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். அடுத்து போர்ச்சுகீசியர் கல்லறைத் தோட்டம். அதைத் தாண்டியதும் நாற்சந்தியில் வெள்ளைத் தூண் தெரியும்.

1914 அக்டோபரில் லாகூர், மீரட் என்ற இரண்டு காலாட்படைப் பிரிவுகள் பிரான்ஸின் போர்முனைக்கு வந்து சேர்ந்தன. 1915 மார்ச் 10 காலை 35 நிமிடப் பீரங்கி அடிக்குப் பின் மீரட் பிரிவும் பிரிட்டிஷ் பிரிவு ஒன்றும் ஊரைப் பிடித்தன. அதன்பிறகு போர்முனை அசையவில்லை. மூன்று நாளில் முன்னேறிய ஆழம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். சைக்கிளில் மூன்று நிமிடம். அந்தத் தூரத்தை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

நினைவிடம் 1927இல் திறக்கப்பட்டது. வட்டச் சுவரில் ஒரு பாதி பெயர்கள், மறு பாதி நம் பழைய அரண்மனைகளில் பார்க்கிற துளையிட்ட கல்வேலை. தாமரைத் தலையோடு ஏறத்தாழ 15 மீட்டர் தூண், அடியில் இரண்டு புலிகள். ‘இறைவன் ஒருவனே, வெற்றி அவனுடையது’ என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் தேவநாகரியிலும் குர்முகியிலும் வெட்டியிருக்கிறார்கள். கல்லறை இல்லாமல் போன 4,700 பேருக்கும் மேற்பட்டவர்கள் இதில் இருக்கிறார்கள். வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். தியெப்வாலைக் கட்டிய லட்யன்ஸும் இவரும் அதே ஆண்டுகளில் புதுடெல்லியை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ரெய்சினா குன்றுச் சாலையின் சரிவு பற்றி அவர்கள் போட்ட சண்டை பிரபலம்.

ஆங்கிலேயனிடம் சம்பளம் வாங்கிச் செத்தவர்களுக்கு மாலை போடவா சைக்கிளில் போகச் சொல்கிறீர்கள்? அமிர்தசரஸில் மக்களைச் சுட்டதும் இதே இந்திய ராணுவம்தான்.

மாலை போடச் சொல்லவில்லை, பெயர்களைப் படிக்கச் சொன்னேன். சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். கடனில் மூழ்கிய விவசாயக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை யோசியுங்கள். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்ததால் அந்தக் குரல்கள் இன்றும் ஆவணமாக இருக்கின்றன. அவற்றில் விசுவாசமும் இருக்கிறது, இங்கே வராதே என்று தம்பியை எச்சரிக்கும் குரலும் இருக்கிறது. 1918இல் கேடா மாவட்டத்தில் காந்தியே ஆள் சேர்க்கப் போனார். அந்தக் காலத்தை ஒரே சொல்லில் தீர்த்துவிட முடியாது.

சூழ்நிலை என்பது சாக்கு. கூலிப்படையைக் கூலிப்படை என்றே சொல்ல வேண்டும்.

சொல்லுங்கள். சொன்னபிறகும் அந்த 4,700 பேரும் அங்கேதான் இருப்பார்கள். அவர்களை அனுப்பிய பேரரசை நானும் மன்னிக்கவில்லை. அதற்காக, அனுப்பப்பட்டவனின் பெயரை நாம் ஏன் அழிக்க வேண்டும்?

தமிழர் யாராவது அந்தச் சுவரில் உண்டா? இல்லையென்றால் நமக்கென்ன?

‘நமக்கென்ன’ என்ற அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. பதில் சொல்கிறேன். சென்னை மாகாணத்தவர் பெரும்பாலும் அனுப்பப்பட்டது மெசபொட்டேமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும். 63ஆவது பாளையங்கோட்டைப் படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இருந்தது. பிரெஞ்சிந்தியாவிலிருந்தும் ஆட்கள் போர்முனைக்குப் போனார்கள், பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையின் போர் நினைவிடம் அவர்களுக்கானது.

அரசியல் போதும், சைக்கிளுக்கு வாருங்கள்.

இதுதான் சைக்கிள். இந்த ஊர்களில் சாலைக்குச் சாலை கல்லறைத் தோட்டம் இருப்பதற்குக் காரணம், விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள் என்பதுதான். காரில் போனால் பத்தோடு பதினொன்றாகக் கடந்துவிடுவீர்கள். சராசரி வேகத்தை ஏற்றுவதற்கு வேறு ஊர் பாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன். மே, ஜூன்.

காற்று அடிக்குமா? கியர் என்ன வேண்டும்?

பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, பீடபூமியில் மறைப்பே இல்லை. காலையில் காற்றை எதிர்த்து ஓட்டிவிட்டு மாலையில் முதுகில் வாங்குங்கள். ஏற்றங்கள் சின்னவை, லொரெத் குன்று மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். அங்கே உள்ள நினைவு வளையத்தில் ஏறத்தாழ 5,80,000 பெயர்கள், எந்த நாட்டவர் என்று பிரிக்காமல் அகரவரிசையில். சிங் என்ற பெயருக்கு எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று பாருங்கள்.

வயலோரத்தில் பழைய குண்டு கிடந்தால் நினைவுக்கு ஒன்று எடுத்து வரலாமா?

கூடாது. தொடக்கூடாது, காலால் உருட்டக்கூடாது, பக்கத்தில் நின்று படமும் எடுக்கக்கூடாது. ஒவ்வோர் உழவிலும் ஷெல்கள் மேலே வருகின்றன. விவசாயிகள் அவற்றை வரப்பில் ஒதுக்கி வைக்கிறார்கள், வெடிகுண்டு அகற்றும் பிரிவு வந்து எடுத்துப் போகிறது. சிலவற்றில் விஷவாயு இன்னும் இருக்கிறது. வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் அவர்களிடம் கேளுங்கள்.

துருப்பிடித்த சின்னத் துண்டு என்றால்?

அதுவும் கூடாது. இதைப் பற்றி இனிக் கேட்காதீர்கள்.

மகளுக்குப் பத்து வயது. ஹெல்மெட் கட்டாயமா?

12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சட்டப்படி கட்டாயம். நீங்களும் போடுங்கள். காதில் இயர்ஃபோன் வைத்து ஓட்டினால் அபராதம். அவளோடு போவதானால் சோம் ஆற்றங்கரைச் சைக்கிள் பாதையே போதும், ஆமியானிலிருந்து அபேவில் பக்கம் சமதளம்.

கிரெசி, அசின்கூர் இரண்டில் எது?

இரண்டும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய பழைய போர்க்களங்கள். 1415 அசின்கூர், அருங்காட்சியகம் இருக்கிறது. 1346 கிரெசியில் பார்வைக் கோபுரம் ஒன்று. ஒன்றுதான் முடியும் என்றால் கிரெசி, பக்கத்துக் காட்டுச் சாலைக்காக.

என்னோடு உணவகத்தில் வேலை செய்யும் பஞ்சாபி நண்பரின் கொள்ளுத்தாத்தா பிரான்ஸில் இறந்ததாக வீட்டில் சொல்வார்களாம். அந்தச் சுவரில் தேட முடியுமா?

முடியும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் பெயரையும் படைப்பிரிவையும் போடச் சொல்லுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தந்தை பெயர், கிராமம், மாவட்டம் தெரிந்தால் பிரித்துவிடலாம். ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் எழுத்தை மாற்றி மாற்றித் தேட வேண்டும். கிடைத்தால் பலகை எண் வரும், அதைக் குறித்துக்கொண்டு போங்கள். நேவ் ஷப்பெலில் இல்லையென்றால் பக்கத்தில் ஸெலோப் இந்தியக் கல்லறைத் தோட்டமும் பெத்தூன் நகரக் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. அவர் சைக்கிள் ஓட்டாதவர் என்றால் லா பாஸேயிலிருந்து டாக்ஸி பிடிக்கட்டும், டி 947இல் பழக்கமில்லாதவரை ஓட்ட விடாதீர்கள்.