முடிகிற தவணையின் இடத்தில் இன்னொன்று வேண்டாம்

கேள்வி (சுருக்கம்): எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இருவருக்கும் வேலை நேரம் வேறு வேறு. வாரநாட்களில் பேசுவதே அரிது. அதனால் இலையுதிர்காலத்தில் மட்டும் இருவரும் விடுப்பு எடுத்து, நிறம் மாறும் காடுகளைப் பார்க்க ஊர் ஊராகப் போவோம். இரண்டு வருஷச் செலவையும் என் கிரெடிட் கார்டில் போட்டுத் தவணையாக மாற்றினேன். முதல் பயணத்தின் தவணை இந்த மாதத்தோடு முடிகிறது. அந்த இடத்தில் இந்த வருஷப் பயணத்தைப் போட்டால் மாதம் கொஞ்சம்தான் கூடும். போடலாமா? இல்லை, விடுமுறைக் கழகத்தில் (பணம் கட்டிச் சேர்ந்தால் வருஷாவருஷம் சில நாள் தங்க அறை தரும் திட்டம்) உறுப்பினராகச் சேர்ந்தால் லாபமா? கணவருக்குத் தவணைகளின் மொத்தத் தொகை தெரியாது. கையில் எதுவும் நிற்பதில்லை என்ற பயம் சில மாதமாகவே இருக்கிறது.

பதில்: வரவு செலவு எழுதுங்கள் என்று உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடிதத்திலேயே எல்லாத் தொகையும் வரிசையாக இருக்கிறது. பயணத்தை நிறுத்துங்கள் என்றும் சொல்லமாட்டேன். வருஷத்தில் பத்து மாதம் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்காத தம்பதிக்கு அந்த நாட்கள் அவசியம். என்னை உறுத்துவது ‘அந்த இடத்தில்’ என்ற சொல்தான். ஒரு தவணை முடிந்தால் உங்கள் சம்பளம் உங்களிடம் திரும்பி வருகிறது. நீங்களோ அதைக் காலியான இடமாகப் பார்க்கிறீர்கள். இந்தப் பழக்கம்தான் உங்கள் கையைக் காலியாக வைத்திருக்கிறது.

இருவரின் மாத வருமானமும் சேர்ந்து 100 என்று வைத்து உங்கள் தொகைகளை மாற்றிப் போட்டேன். முதல் பயணம் 60, அதற்கு 24 மாதம். இரண்டாவது 80, அதற்கு 18 மாதம். இரண்டுக்கும் வருஷம் 14 சதவீதம், ஃபிளாட் ரேட், அதாவது கடைசி மாதம்வரை தொடக்க அசல் முழுவதுக்கும் வட்டி. அப்படியானால் முதலாவதற்கு வட்டி 16.8, மாதத் தவணை 3.2. இரண்டாவதற்கும் வட்டி அதே 16.8தான், தவணை சுமார் 5.4. வட்டி மட்டும் மொத்தம் 33.6. முதல் பயணச் செலவில் பாதிக்கும் மேல், எங்கேயும் போகாமலே கட்டுகிறீர்கள்.

அந்த 14 சதவீதத்தையும் அப்படியே நம்பாதீர்கள். ஃபிளாட் ரேட்டில், நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு அசலுக்கும் போடப்படுகிறது. 60 வாங்கி 24 தவணையில் அடைத்தால், சராசரியாக உங்களிடம் இருந்த கடன் 34 அளவுதான். அதற்கு வருஷம் 8.4 வட்டி. உண்மையான விகிதம் 25-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. பிராசஸிங் கட்டணம் இதற்கு மேல்.

சரி, மூன்றாவதைப் போட்டால்? இந்த வருஷத்துக்கு 90 என்று திட்டமிட்டிருக்கிறீர்கள். 24 மாதத்துக்குத் தவணை 4.8. “3.2 போய் 4.8 வருகிறது, 1.6தானே கூடுதல்” என்று உங்கள் மனம் சொல்லும். அந்த 1.6-க்குப் பின்னால் 25.2 வட்டி இருக்கிறது. அதோடு, அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் இதே கேள்வி வரும். ஒவ்வொரு முறையும் பயணம் கொஞ்சம் பெரிதாகியிருப்பதையும் கவனியுங்கள்: 60, 80, 90. செலவு மொத்தமாகக் கண்ணில் படாமல் தவணையாக மட்டும் தெரியும்போது அப்படித்தான் ஆகும்.

எனவே மூன்றாவது தவணை வேண்டாம். இரண்டாவதை அவசரப்பட்டு முன்கூட்டியே அடைக்கவும் வேண்டாம். அதில் ஆறு தவணைதான் பாக்கி, இப்போது முடித்தால் மிச்சமாவது 2 அளவுதான். முன்கூட்டியே முடிப்பதற்குக் கட்டணம் வைத்திருந்தால் அதையும் அது தின்றுவிடும். ஓடி முடியட்டும். அடுத்த மாதத்திலிருந்து விடுபடும் 3.2-ஐ, சம்பளம் வரும் நாளிலேயே தனிக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். ஆறு மாதம் கழித்து 5.4-ம் சேர்ந்து 8.6 ஆகும். அடுத்த வருஷ இலையுதிர்காலத்துக்குள் 70-க்கு மேல் கையில் இருக்கும். இப்போது பழகிவிட்ட அதே மாதச் சுமைதான், ஒரு பைசா கூடுதல் இல்லை. நீங்கள் விட்டுக்கொடுப்பது இந்த ஒரு வருஷத்தின் பெரிய பயணத்தை மட்டும்.

இந்த வருஷம் ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களாகப் பாருங்கள். மரங்கள் ஒரே சமயத்தில் நிறம் மாறுவதில்லை. உயரமான இடங்களில் முதலில் தொடங்கி, போகப்போகத் தாழ்வான பகுதிகளுக்கு இறங்கி வரும். ஒரு இடத்தில் நிறம் உச்சத்தில் இருப்பது ஒன்றிரண்டு வாரம்தான், அதுவும் அந்த வருஷக் குளிரையும் மழையையும் பொறுத்து முன்பின் ஆகும். மாதக்கணக்கில் முன்னதாக, பணம் திரும்பக் கிடைக்காத அறைக்குக் கட்டிவிட்டு, இலை உதிர்ந்த காட்டுக்குப் போய் நின்றதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிட்டத்தில் இருக்கும் இடமென்றால் நிறம் வந்தது தெரிந்த பிறகு கிளம்பலாம். வார இறுதியைத் தவிர்த்தால் கூட்டமும் குறைவு.

விடுமுறைக் கழகம் பற்றி: தயவுசெய்து வேண்டாம். சேரும் தொகையைத்தான் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் வருஷாவருஷம் பராமரிப்புக் கட்டணம் உண்டு, அது ஏறிக்கொண்டே போகும். எல்லோரும் கேட்கும் அதே வாரங்களில்தான் உங்களுக்கும் அறை வேண்டும். வெளியே வரலாம் என்றால் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் போட்டதில் சிறு பங்குதான் தேறும். விடுப்புத் தேதியே இருவருக்கும் ஒத்துவராத வீட்டில், பல வருஷ ஒப்பந்தம் எதற்கு? செயலிகளில் ‘இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்’ என்று வருவதும் நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதுதான், பெயர் மட்டும் புதிது.

கடைசியாக ஒன்று. வாடகை அவர் கணக்கில், பயணம் உங்கள் கார்டில் என்று பிரித்துக்கொண்டதால், வீட்டில் பணம் ஏன் நிற்கவில்லை என்று அவருக்குப் புரிய வழியே இல்லை. உங்களுக்கோ அந்தப் பயத்தைச் சொல்ல ஆளில்லை. வேலை முடிந்து வரும் அவரை எதிர்கொண்டு போய், தெருக்கோடி மரங்களுக்கு அடியில் இருவரும் நடந்து வீடு திரும்புவதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இந்த வாரம் அப்படி ஒரு நாள் நடக்கும்போது மொத்தத் தொகையைச் சொல்லிவிடுங்கள். தனிக் கணக்கை இருவர் பெயரிலும் தொடங்குங்கள், முதல் தவணை முடிவதற்கு முன்பே.