பவர் மீட்டர் பெடலில் பேட்டரி பாதியிலேயே தீர்ந்துபோகிறதா?

கேள்வி: சைக்கிளில், மிதிக்கும் பவரை இரண்டு பக்கமும் அளக்கும் கார்மின் ராலி பெடல்கள் வைத்திருக்கிறேன். ஒருமுறை பேட்டரி போட்டால் 120 மணி நேரம் வரை வரும் என்றார்கள். எனக்கு 40 மணி நேரம் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. அட்டையில் பத்து பத்தாக விற்கும் எல்ஆர்44 செல்தான் போடுகிறேன். தீர்ந்துபோனது என்று கழற்றியதை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 1.4 வோல்ட் காட்டுகிறது! அடுத்த மாதம் 600 கிலோமீட்டர் ப்ரெவே (கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) இருக்கிறது. பெடலில் கோளாறா? விற்றுவிட்டு, சார்ஜ் போடும் பெடலுக்கு மாறிவிடட்டுமா?

பதில்: விற்க வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் அந்த அட்டை செல்கள் மேல்தான். பெடலைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

மல்டிமீட்டர் காட்டிய 1.4 வோல்ட் பொய் இல்லை, ஆனால் அதை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது. மீட்டர் அளக்கும்போது செல்லிலிருந்து கிட்டத்தட்ட மின்சாரமே எடுப்பதில்லை. பெடல் அப்படியல்ல. உள்ளே இருக்கும் ரேடியோ, கணக்கை உங்கள் ஹெட் யூனிட்டுக்கு (ஹேண்டில்பாரில் மாட்டும் சைக்கிள் கம்ப்யூட்டர்) அனுப்பும் ஒவ்வொரு தடவையும் சட்டென்று கொஞ்சம் கூடுதல் மின்சாரம் கேட்கும். மட்டமான அல்கலைன் செல்லில் உள்தடை சீக்கிரம் ஏறிவிடும். தொட்டியில் தண்ணீர் இருந்தும் குழாய் அடைத்துக்கொண்டால் எப்படியோ, அப்படித்தான். கேட்ட கணத்தில் வோல்ட்டேஜ் கீழே விழும், இணைப்பு அறுந்து திரும்ப வரும், சில சமயம் பெடல் அணைந்தே போகும். அதே செல்லைக் கால்குலேட்டரில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும், ஏனென்றால் கால்குலேட்டர் அவ்வளவு கேட்பதில்லை.

உங்களிடம் இருக்கும் ராலியில் மூன்று வகை செல் போடலாம். பெடலுக்கு இரண்டு எல்ஆர்44, அல்லது இரண்டு எஸ்ஆர்44, அல்லது ஒரே ஒரு சிஆர்1/3என். முதலாவது அல்கலைன், 1.5 வோல்ட். பயன்படுத்தப் பயன்படுத்த வோல்ட்டேஜ் சரிந்துகொண்டே வரும். எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட். உருவம் அச்சு அசல் அதேதான், ஆனால் கொள்ளளவு கூடுதல், கடைசி வரை வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கும். சிஆர்1/3என் என்பது 3 வோல்ட் லித்தியம். இரண்டு எல்ஆர்44-ஐ ஒன்றன் மேல் ஒன்று வைத்த உயரம், அதாவது 10.8 மில்லிமீட்டர். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே ஒரு தொடுமுனை (மின்சாரம் கடக்கும் தொடும் இடம்) குறைகிறது பாருங்கள், நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எஸ்ஆர்44 வாங்கப் போனால் வாட்ச் கடையில் "357" என்று கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். 303 என்று இன்னொன்று உண்டு. அளவு அதேதான், ஆனால் குறைந்த மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்கு என்று செய்தது. பெடலுக்கு 357 நல்லது. ஏஜி13 என்று போட்டிருந்தால் அது எல்ஆர்44-தான், வேறு பெயரில் வருகிறது. 3.7 வோல்ட் ரீசார்ஜபிள் பட்டன் செல்கள் அதே அளவில் கிடைத்தாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். சார்ஜ் முழுதாக இருக்கும்போது அவை 4 வோல்ட்டைத் தாண்டும். பெடலின் மின்சுற்று அதற்காகச் செய்ததில்லை.

நல்ல செல்லிலும் ஒரு சங்கடம் உண்டு. வோல்ட்டேஜ் சரியாமல் நிற்பதால் "பேட்டரி குறைவு" என்ற எச்சரிக்கை தாமதமாக வரும், வந்த பிறகு அதிக நேரம் கிடைக்காது. அதனால் எச்சரிக்கைக்காகக் காத்திருக்காமல், ஓட்டிய மணிக்கணக்கைப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

அடுத்தது மாற்றும் விதம். பாதி புகார்கள் இங்கேதான் பிறக்கின்றன. பெடலை கிராங்கிலிருந்து (பெடல் மாட்டியிருக்கும் கை) கழற்றத் தேவையில்லை; மூடி வெளிப்பக்க நுனியில் இருக்கிறது, 4 மில்லிமீட்டர் அல்லன் கீ போதும். திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணையும் வியர்வை உப்பையும் துடைத்துவிடுங்கள். பழைய செல் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய செல்லை இரண்டு முகத்திலும் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஓரத்தைப் பிடித்துப் போடுங்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாது, தொடுமுனைக்குத் தெரியும். இரும்பு இடுக்கியால் பிடித்தால் இரண்டு முனையும் சேர்ந்து ஷார்ட் ஆகிவிடும். மூடியின் ரப்பர் வளையம் முறுக்காமல் படிந்திருக்கிறதா பாருங்கள், மழையில் தண்ணீரைத் தடுப்பது அதுதான். மூடியை முதலில் விரலால் திருகுங்கள். மரை சரியாகப் பிடித்த பிறகு கீயால் லேசாக இறுக்கினால் போதும். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

ராலிக்கு முன்பு 2017-இல் வந்த வெக்டர் 3-இல் இணைப்பு அறுந்துபோகிறது என்று நிறையப் பேர் புகார் சொல்ல, கார்மின் அடுத்த வருடம் பேட்டரி மூடியையே மாற்றி வடிவமைத்தது. இவ்வளவு சிறிய இடத்தில் தொடுமுனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதுவே சாட்சி.

எல்ஆர்44 அல்லது எஸ்ஆர்44 என்றால் செல்களை நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே பெடலில் இருந்தால் பழையது புதியதையும் சேர்த்துக் கீழே இழுக்கும். மாற்றியதும் கிராங்கை நாலு சுற்று சுற்றி எழுப்பிவிட்டு, பெடல் மேல் கால் வைக்காமல் ஜீரோ காலிபரேஷன் (சுமை இல்லாத நிலையைப் பூஜ்யமாகப் பதிவது) செய்யுங்கள். பதிந்துவைத்த கிராங்க் நீளம் பழையபடி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. 165 மில்லிமீட்டர் கிராங்கை 172.5 என்று வைத்திருந்தால் பவர் சுமார் 4.5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் பொய்.

நல்ல செல் போட்டும் சீக்கிரம் தீர்ந்தால், சைக்கிள் ஓட்டாதபோது என்ன செய்கிறது என்று யோசியுங்கள். கார் கேரியரில் குலுங்கிக்கொண்டே போனால் பெடல் நீங்கள் ஓட்டுவதாக நினைத்து விழித்துக்கொள்ளும். நெடுந்தூரம் கொண்டுபோகும்போது செல்லைக் கழற்றிவிடுங்கள். பல வாரம் ஓட்டப்போவதில்லை என்றாலும் அப்படியே. அல்கலைன் செல் உள்ளே கசிந்தால் தொடுமுனை அரித்துப்போகும். இத்தனைக்குப் பிறகும் 40 மணி நேரம்தான் என்றால் அப்போது பெடலைச் சர்வீசுக்கு அனுப்பலாம்.

சார்ஜ் போடும் பெடல் பற்றிக் கேட்டீர்கள். பெவேரோ அசியோமா டுவோ ஒரு சார்ஜுக்கு 50 மணி நேரம், வாஹூ பவர்லிங்க் ஜீரோ 75 மணி நேரம் என்பது நிறுவனங்கள் சொல்லும் கணக்கு. 600 கிலோமீட்டர் ப்ரெவேயின் கெடு 40 மணி நேரம், ஆக இரண்டுமே தாங்கும். வாரம் ஏழெட்டு மணி நேரம் ஓட்டி, ஞாயிறு இரவு ஒழுங்காக சார்ஜ் போடுபவருக்கு அது வசதிதான். ஆனால் மறந்தால் மறந்ததுதான்; தவிர, லித்தியம் பேட்டரி வருடம் ஏற ஏறக் கொள்ளளவு இழக்கும், நாமே திறந்து மாற்றவும் முடியாது. அர்த்தராத்திரியில் ஒரு கண்ட்ரோலில் (ப்ரெவே வழியிலுள்ள சோதனை நிலையம்) நின்று இரண்டு நிமிடத்தில் செல் மாற்றிக்கொண்டு கிளம்பும் சுதந்திரம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நெடுந்தூரம் ஓட்டுபவர் ராலியை விற்று சார்ஜ் போடும் பெடலை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் ப்ரெவேக்கு ஒரு வாரம் முன்பு புது சிஆர்1/3என் இரண்டு போட்டு, இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். குறையுள்ள செல் என்றால் அதற்குள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் இரண்டை, பேக்கிங் பிரிக்காமல், சீட் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மல்டி டூலில் 4 மில்லிமீட்டர் கீ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கழற்றிய செல்லை மட்டும் வீட்டு மேஜையில் போட்டுவைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால், தீர்ந்துபோன செல் என்றாலும் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். முனைகளில் டேப் ஒட்டி, கைக்கு எட்டாத இடத்தில் சேர்த்துவைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.