மனநலச் சிக்கல் உள்ள மாணவர்கள்: சமுதாயக் கல்லூரி ஆசிரியர்கள் கேட்டவை

ராமநாதபுரம் கடற்கரையில் சமுதாயக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி மையங்களிலும் பாடம் எடுப்பவர்களின் கேள்விகள் இவை. யாருக்கு என்ன நோய் என்று இங்கே சொல்ல மாட்டேன், மாத்திரை எழுதித் தரவும் மாட்டேன். வகுப்பறையில் என்ன செய்யலாம் என்று மட்டும் கேளுங்கள்.

தங்கச்சிமடம், தையல் ஆசிரியை: ஒரு பொண்ணுக்கு வகுப்புல திடீர்னு மூச்சு வாங்குது, விரலெல்லாம் மடங்கிக்குது. மத்த புள்ளைங்க ஓடிவந்து கையில சாவிக்கொத்தைத் திணிக்குதுங்க.

பதில்: முதலில் சாவியை வாங்கி வையுங்கள். வலிப்பாகவே இருந்தாலும் இரும்பு அதை நிறுத்தாது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. விரல் மரத்து மடங்குவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு ஒருவர் மட்டும் எதிரே உட்காருங்கள். மூக்கால் நாலு எண்ணி இழுத்து, வாயால் ஆறு எண்ணி விடச் சொல்லி, நீங்களும் கூடவே செய்யுங்கள். "நல்லா இழு, நல்லா இழு" என்று சொன்னால் கூடத்தான் செய்யும். முகத்தில் பை வைத்து மூட வேண்டாம். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சம் தாண்டி, பிறகு மெல்ல அடங்கும்.

முதல் தடவை என்றால் மட்டும் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள். ஆஸ்துமா, ரத்தசோகை, தைராய்டு, இதயம் எல்லாம் பார்க்காமல் "டென்ஷன்" என்று முத்திரை குத்தக் கூடாது. நினைவு தப்பி, கண் செருகி, கைகால் வெட்டினால் அது வேறு கதை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

பாம்பன்: தடைக்காலம் வந்தா பாதிப் பயலுக முகமே வாடிப் போகுது சார். மனச்சோர்வா?

பதில்: எல்லாருக்கும் அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் நிற்கிறது, வீட்டில் காசு இல்லை. கவுன்சலிங்கைவிடக் கட்டணத்தைத் தவணையாக்கித் தருவதுதான் அங்கே மருந்து. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் மாறி, பிடித்த விளையாட்டும் கூட்டாளிகளும்கூட வேண்டாம் என்று ஒருவன் ஒதுங்கினால் மருத்துவரிடம் அனுப்புங்கள். அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் பையனுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அவனுக்கு முதலில் வருகைப்பதிவைச் சரிசெய்து கொடுங்கள், அறிவுரை பிறகு.

தேவிபட்டினம்: மாத்திரை சாப்பிட்டா அடிமையாகிடுவாங்களா?

பதில்: மனச்சோர்வு மாத்திரைக்கு அடிமையாவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் குமட்டல் வரும், "இது சரிப்படல" என்று விட்டுவிடுவார்கள். தானாக நிறுத்தக் கூடாது. 25 வயதுக்குக் குறைந்தவர்களை முதல் சில வாரம் கூடுதலாகக் கவனிக்கணும். தற்கொலை எண்ணம் கூடினால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லணும். பழகிப்போவது சில வகைத் தூக்க மாத்திரைகள்தான், அதனால்தான் அவற்றைக் கொஞ்ச நாளுக்கு மட்டும் கொடுக்கிறார்கள்.

மண்டபம்: லித்தியம் சாப்பிடுற மாணவன் லீவு நாள்ல கடலுக்குப் போறான். நாங்க என்ன தெரிஞ்சுக்கணும்?

பதில்: இப்படிக் கேட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். லித்தியம் என்பது மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய்க்குத் தரும் மாத்திரை. வெயிலில் வியர்த்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மருந்தாக வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் ரொம்ப தூரம் இல்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, தள்ளாடுவது: கரையில் பார்ப்பவர்கள் "குடிச்சிருக்கான்" என்று விட்டுவிடுவார்கள். அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், லித்தியம் சாப்பிடுகிறான் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

உடம்பு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் லித்தியம் அளவை ஏற்றும். பாராசிட்டமால் பரவாயில்லை. திடீரென்று உப்பைக் குறைக்கவும் கூடாது. ரமலான் நோன்பு வைப்பவர் நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து நேரத்தை மாற்றிக்கொள்ளணும். கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில்தான் அளவு சரியாகத் தெரியும், அதனால் பரிசோதனை அன்று காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடச் சொல்லுங்கள். தானாக நிறுத்தக் கூடாது என்பது இதற்கும் பொருந்தும்.

தொண்டி: மாத்திரை பழகிடுமா சார்?

பதில்: தேவிபட்டினத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கீழக்கரை: பையன் தனியாப் பேசுறான், சாப்பாட்டுல விஷம் இருக்குங்கறான். வீட்டுல ஏர்வாடி தர்காவுல வச்சிருக்கப் போறாங்களாம். தடுக்கணுமா?

பதில்: தடுத்தால் உங்களிடம் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள். துஆவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்று சொல்லுங்கள். இந்த மாதிரி நோய் பதினாறிலிருந்து இருபத்தைந்துக்குள்தான் அதிகம் தொடங்கும். மருந்து தள்ளிப்போகப் போக மீள்வது கஷ்டமாகும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். அவன் விஷம் என்று சொல்வதை வாதாடி மாற்ற முடியாது. "உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது" என்பதோடு நிறுத்துங்கள்.

சாயல்குடி: 2001 மறந்துபோச்சா? ஏர்வாடியில் சங்கிலியோடயே 28 பேர் எரிஞ்சு செத்தாங்க. அங்கே போகட்டும்னு சொல்றீங்களே!

பதில்: மறக்கவில்லை. ஆகஸ்ட் 6. அவர்கள் இறந்தது தர்காவுக்குள் அல்ல, தனியார் நடத்திய கொட்டகைக் காப்பகத்தில். பூட்டும் சங்கிலியும்தான் கொன்றன. 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த விதத்திலும் அனுமதிக்கவில்லை.

கீழக்கரை: எங்க பக்கம் மனசு ஆறுறதே அங்கதான் சார். அதைக் கொச்சைப்படுத்தாதீங்க.

சாயல்குடி: மனசு ஆறட்டும், மாத்திரை யார் கொடுப்பா?

பதில்: தர்காவிலேயே தவா-துவா, அதாவது மருந்து-பிரார்த்தனை, என்று இரண்டையும் சேர்த்து நடத்தும் திட்டம் இருக்கிறது, அங்கேயே கேட்கலாம். கட்டி வைப்பேன் என்று யார் சொன்னாலும் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். இதற்கு மேல் இந்தச் சண்டையை நான் வளர்க்கப் போவதில்லை.

ராமேஸ்வரம்: ஒரு மாணவி "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க"ன்னு கேட்டுட்டு, வாழப் பிடிக்கலைங்கறா.

பதில்: சத்தியம் பண்ணாதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். "சாகணும்னு நினைப்பு வருதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழிலும் பேசுவார்கள். அவளை வைத்துக்கொண்டே கூப்பிடுங்கள். அவள் நம்பும் பெரியவர் ஒருவரை வரவழைத்து, அவர் கையில் ஒப்படைத்த பிறகே கிளம்புங்கள். மருந்தோ விஷமோ ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108.

முதுகுளத்தூர்: மாத்திரைக்கு அடிமை...

பதில்: மேலே. மேலே. மேலே.

திருப்புல்லாணி: போன் அடிமைத்தனத்துக்கு ஏதாவது?

பதில்: அது தனி நாள் பேச வேண்டியது.

உச்சிப்புளி: ஆஸ்பத்திரியில இருந்துட்டு ஒரு மாசம் கழிச்சு வர்றா. முதல்வர் அடுத்த வருஷம் சேரட்டும்ங்கறார்.

பதில்: பெயரை நீக்க விடாதீர்கள். வீட்டோடு ஒரு வருடம் இருக்கும் பெண் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. முதல் இரண்டு வாரம் அரைநாள் வகுப்பு போதும், செய்முறை வகுப்பாக இருந்தால் நல்லது. காலையில் மாத்திரைத் தூக்கம் இருந்தால் முதல் பாடவேளையை விட்டுக்கொடுங்கள். தையல் மிஷின், வெட்டும் இயந்திரம் பக்கம் அந்த நேரத்தில் உட்கார வைக்க வேண்டாம். பொறுப்புக்கு ஓர் ஆசிரியர் போதும், எல்லாரும் மாறி மாறி "இப்ப எப்படி இருக்கே" என்று கேட்கக் கூடாது. மற்ற மாணவர்களிடம் "உடம்பு சரியில்லாம இருந்துச்சு" என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. முதல்வர் பிடிவாதமாக இருந்தால் மருத்துவச் சான்றோடு வருகைச் சலுகைக்கு விண்ணப்பத்தை எழுதியே கொடுங்கள், மறுப்பதானால் அவரும் எழுத்தில் மறுக்கட்டும்.